சேஸி மாறிய லேண்ட் ரோவர் 2ஏ: திருகோணமலையிலிருந்து லண்டனுக்கு அனுப்பிப் பதிவது எப்படி?

உப்புவெளி_88

வணக்கம். வீட்டில் நிற்பது 1966 லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ, 88 அங்குல அச்சிடை கொண்ட ஸ்டேஷன் வேகன், ஸ்ரீ எழுத்துள்ள பழைய பதிவிலக்கம். லண்டன் ஹாரோவில் இருக்கும் அண்ணா அதை அங்கே எடுத்து, தன் பெயரில் பதிந்து ஓட விரும்புகிறார்.

சிக்கல் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில். கடற்காற்றில் பழைய சேஸி உக்கிப்போனதால் 1998இல் வேறொரு 2ஏயின் சேஸி போடப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் இன்னும் பழைய சேஸி இலக்கம்தான், 242இல் தொடங்குவது. பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள சுவரில்) உள்ள தகட்டிலும் அதே இலக்கம். ஆனால் சேஸியின் வலது முன் ஸ்பிரிங் ஹாங்கரில் (ஸ்பிரிங்கைத் தாங்கும் கொளுவியில்) வர்ணத்துக்குக் கீழே 272இல் தொடங்கும் ஏதோ தெரிகிறது. அந்தச் சேஸி அரச ஏலத்தில் போன வண்டியுடையது. ஏலக் கடிதத்தின் பிரதியும் விற்றவர் தந்த பற்றுச்சீட்டும் கையில் உண்டு. எஞ்சின் இப்போது இசுசு 4ஜேபி1. பழைய பெற்றோல் எஞ்சினும் கியர்பொக்ஸும் கொட்டிலில் கிடக்கின்றன.

கராஜில் சொல்கிறார்கள், 272ஐக் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தை அடித்தால் கதை முடிந்தது என்று. அப்படிச் செய்யலாமா? இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து புதிய கல்வனைஸ் (நாகம் பூசிய) சேஸி ஒன்றை இறக்கி, பூட்டி அனுப்புவது நல்லதா? அங்கே சுங்கவரி எவ்வளவு வரும்? 8 புள்ளி வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கிறார்களே, அது என்ன?

---

இரும்புப்பட்டறை

தம்பி, முதல் வேலையாக அந்தக் கிரைண்டரைக் கராஜுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

இலக்கம் அடிக்கும்போது எழுத்து மட்டும் பதிவதில்லை. அதன் அடியிலுள்ள இரும்பும் அமுங்கி இறுகிவிடும். மேலே தெரியும் எழுத்தைத் தேய்த்து எடுத்தாலும் அமுங்கிய பகுதி உள்ளே கிடக்கும். மினுக்கிவிட்டுச் செப்புக் குளோரைட்டு கலந்த அமிலத்தைப் பூசினால் அந்த இடம் வேறு வேகத்தில் அரித்துப் பழைய இலக்கம் மேலே வந்துவிடும். இங்கே சந்தேகம் வந்தால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பிப் பார்ப்பது இதைத்தான். அதன் பிறகு உங்களிடம் இருப்பது சேஸி மாறிய பழைய வண்டி அல்ல, இலக்கம் திருத்திய வண்டி. முதலாவதற்கு வழி உண்டு. இரண்டாவதற்குப் பொலிஸ்தான்.

இலக்கத்தை வாசிக்கும் முறை: கம்பி பிரஷ், சாண்ட்பிளாஸ்ட் இரண்டும் வேண்டாம். பெயின்ட் ரிமூவர் பூசி ஊறவிட்டு, நைலோன் பிரஷால் தேய்த்து, தின்னரால் துடையுங்கள். துரு இருந்தால் டீசல் நனைத்த துணியை ஒரு இரவு சுற்றி வையுங்கள். பிறகு சுண்ணக்கட்டியைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் படம் எடுங்கள், நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் உரசியும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

2ஏயில் முதல் மூன்று இலக்கமே நிறையச் சொல்லும். 241 என்றால் 88 பெற்றோல், பிரித்தானிய உள்நாட்டு விற்பனை. 242 வலதுகை (ஸ்டியரிங் வலப்பக்கம்) ஏற்றுமதி, 243 வலதுகை, பாகங்களாகப் பிரித்து அனுப்பியது, 244 இடதுகை ஏற்றுமதி. 271இலிருந்து அதே வரிசை 88 டீசலுக்கு. ஆகவே உங்கள் 272 வலதுகை ஏற்றுமதி 88 டீசல். இலக்கத்தின் கடைசியில் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். வடிவமைப்பு மாறிய கட்டத்தைக் காட்டுவது அது.

நல்ல செய்தி என்னவென்றால் 242உம் 272உம் ஒரே 88 அங்குலச் சட்டம். 109 சேஸியை வெட்டிச் சுருக்கி 88 ஆக்கியதாக இருந்தால்தான் கவலை. நடுப்பகுதியில் இரண்டு நீளச் சட்டங்களிலும் குறுக்கே வெல்டிங் ஓடியிருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். நான்கு தகடுகளை மூலைகளில் ஒட்டிச் செய்த பெட்டிச் சட்டம் இது, நீளவாக்கில் வெல்டிங் இருப்பது இயல்பு. குறுக்கே இருந்தால் வெட்டியிருக்கிறார்கள் அல்லது ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

---

மிட்லண்ட்ஸ்_மெக்கானிக்

இங்கிலாந்துப் பக்கத்தைச் சொல்கிறேன். குழப்பம் வருவதற்குக் காரணம், ஒரே சேஸியை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பது. சுங்கம் பார்ப்பது ஒன்று, பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ பார்ப்பது ஒன்று, எம்ஓடி என்ற வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையிலிருந்து விலக்குக்குப் பார்ப்பது இன்னொன்று.

சுங்கம். 30 வருடத்துக்கு மேற்பட்ட, இப்போது உற்பத்தியில் இல்லாத மாதிரி, ஆரம்ப நிலையில் இருந்தால் சேகரிப்புப் பொருட்களுக்கான 9705 என்ற சுங்கத் தலைப்பில் வரும். சுங்கவரி இல்லை, வாட் 5 வீதம். ஆரம்ப நிலை என்றால் சேஸி, பொடி (மேல்கூடு), ஸ்டியரிங், பிரேக், கியர், சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாதது. உடைந்த, தேய்ந்த பாகத்தை அதே வகைப் பாகத்தால் மாற்றித் திருத்தியதை அனுமதிக்கிறார்கள். நவீனப்படுத்தியதை அனுமதிப்பதில்லை. அந்தத் தலைப்பில் விழாவிட்டால் சாதாரணக் கார்போல 8703: வரி 10 வீதம், வரியையும் சேர்த்த தொகையில் வாட் 20 வீதம்.

வண்டி 6000 பவுண், கப்பல் கூலியும் காப்புறுதியும் 1500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7500இல் 5 வீதம் 375 பவுண். மற்ற வழியில் வரி 750, பிறகு 8250இல் 20 வீதம் 1650, மொத்தம் 2400. துறைமுகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் செலவும் வாட் கணக்கில் சேரும், அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அண்ணாவுக்கு அன்பளிப்பு என்று பெறுமதி பூச்சியம் போட்டு அனுப்பாதீர்கள். பணம் கைமாறாவிட்டாலும் வண்டிக்கு ஒரு நியாயமான பெறுமதி காட்டியே ஆகவேண்டும்.

இப்போது கவனியுங்கள்: உங்களைக் கவிழ்க்கப்போவது 272 சேஸி அல்ல, இசுசு எஞ்சின். அதே காலத்து, அதே வகைச் சேஸியைத் திருத்தம் என்று வாதிடலாம். 1966 வண்டியில் 2.8 லீற்றர் இசுசுவை எந்த வாயால் ஆரம்ப நிலை என்று சொல்வது?

எம்ஓடியிலும் அதே கதைதான். 40 வருடம் தாண்டிய வண்டிக்குப் பரிசோதனை விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 வருடத்துக்குள் கணிசமான மாற்றம் செய்திருக்கக்கூடாது. வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: அதே அமைப்பிலான மாற்றுச் சேஸி கணிசமான மாற்றம் அல்ல. தொழிற்சாலை அந்த மாதிரிக்குக் கொடுத்த வேறு எஞ்சினும் அல்ல. உங்கள் கொட்டிலில் கிடக்கும் 2¼ பெற்றோலும் 272க்கு வந்த 2¼ டீசலும் இரண்டுமே 2286 சிசி, இரண்டுமே 88க்குத் தொழிற்சாலை பூட்டியவை. அதனால் பெற்றோல் எஞ்சினைத் திரும்பப் போட்டால் டீசல் சேஸியில் பெற்றோல் என்று யாரும் குறை பிடிக்க இடமில்லை. பரபோலிக் ஸ்பிரிங் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அதுவும் லீஃப் ஸ்பிரிங்தான். கொயில் ஸ்பிரிங் ஆக்கியிருந்தால் மாற்றம்.

டிவிஎல்ஏ. நீங்கள் வாசித்த 8 புள்ளிக் கணக்கு: ஆரம்பச் சேஸி அல்லது அதே அளவில் புதிதாக வாங்கிய சேஸிக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. பாவித்த சேஸி போட்டால் அந்த 5 கிடையாது. ஆனால் அது ஏற்கனவே பிரித்தானியாவில் பதிந்த வண்டி தன் இலக்கத்தைத் தக்கவைப்பதற்கான கணக்கு. அதையும் 2025 ஆகஸ்ட் 26இலிருந்து மாற்றிவிட்டார்கள். அங்கே பதிந்த பழைய வண்டியை அதே தோற்றத்தில், அதே வகைப் பாகங்களால் திருத்தினால் இப்போது அறிவிக்கவே தேவையில்லை. உங்கள் வண்டிக்கு அங்கே தக்கவைக்க இலக்கமே இல்லை. முதல் பதிவு. கேட்பது: இது எது, எப்போது செய்தது, அதற்குச் சான்று என்ன. சான்று குழம்பினால் வயதுக்கேற்ற இலக்கம் கிடைக்காது, க்யூ எழுத்தில் தொடங்கும் இலக்கம் வரும். க்யூ என்றால் வயது தெரியாத வண்டி என்று அர்த்தம், வரலாற்று வாகன வரிவிலக்கும் போய்விடும். அண்ணா ஹாரோவில் இருக்கிறார் என்கிறீர்கள். 2023 ஆகஸ்ட் 29இலிருந்து லண்டன் முழுவதும், புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் அறவிடும் யூலெஸ் வலயம். வரலாற்று வரி வகுப்பில் இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்.

---

உப்புவெளி_88

மிக்க நன்றி. சுண்ணக்கட்டி போட்டுப் பார்த்தேன், 272இலிருந்து கடைசி எழுத்துவரை முழுவதும் தெளிவு. ஏலக் கடிதத்தில் உள்ளதும் அதேதான். வெட்டி ஒட்டிய அடையாளம் நடுவில் இல்லை, பின் க்ராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) மட்டும் மாற்றியிருக்கிறது. அப்படியானால் வண்டி எந்த இலக்கத்தில் போகவேண்டும்? புத்தகம் ஒன்று, இரும்பு ஒன்று.

---

நாரஹேன்பிட்ட_வரிசை

இரும்பில் உள்ளதில்தான். புத்தகத்தை இரும்புக்கு ஏற்ப மாற்றவேண்டும், இரும்பைப் புத்தகத்துக்கு ஏற்ப அல்ல. அதையும் வண்டி இங்கே இருக்கும்போதே செய்ய வேண்டும். கப்பல் ஏறிய பிறகு இங்கே பரிசோதகரிடம் காட்ட வண்டி இராது.

ஒழுங்கு முக்கியம். முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் வண்டியின் எக்ஸ்ட்ராக்ட் (பதிவு விபரப் பிரதி) எடுங்கள். சிலவேளை 1998இலேயே யாரோ அறிவித்துக் கோப்பில் குறிப்பு இருக்கும், புத்தகத்தில் மட்டும் ஏறியிருக்காது. அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. அதோடு 272 இலக்கம் இன்னொரு பதிவின் கீழ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏலத்தில் போன வண்டியின் பழைய பதிவு இரத்தாகாமல் கிடந்தால் ஒரே சேஸிக்கு இரண்டு புத்தகம் ஆகிவிடும், விண்ணப்பம் அங்கேயே நிற்கும். அப்படியானால் முதலில் அந்தப் பதிவை இரத்துச் செய்விக்க வேண்டும்.

பிறகு சேஸி மாற்றத்தைப் பதியுமாறு எழுத்தில் விண்ணப்பியுங்கள். ஏலக் கடிதம், பற்றுச்சீட்டு, பென்சில் உரசல், படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். எஞ்சின் மாற்றத்தையும் அதே முறை பதிந்துவிடுங்கள். பெற்றோல் எஞ்சினைத் திரும்பப் போடுவதென்றால் போட்ட பிறகு போங்கள், முன்னே போனால் இரண்டு தரம் அலையவேண்டும். திருகோணமலையில் கேட்டு முடிவெடுக்காமல் நாரஹேன்பிட்ட தலைமை அலுவலகத்தில் என்னென்ன படிவம், யாருடைய பரிசோதனை அறிக்கை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்டருக்குக் கவுன்டர் பதில் மாறும் விடயம் இது.

பல்க்ஹெட் தகட்டைக் கழற்றாதீர்கள், புதிய தகடும் அடிக்காதீர்கள். பொடி ஒரு வண்டியினது, சேஸி இன்னொரு வண்டியினது என்பதற்கு அதுவே சான்று. மறைத்தால்தான் கேள்வி வரும்.

---

கொட்டியாரக்குடா

இவ்வளவு அலைச்சல் எதற்கு? இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸ், மார்ஸ்லண்ட் போன்றவர்கள் 88க்குப் புதிய கல்வனைஸ் சேஸி செய்கிறார்கள். ஒன்றை இறக்கிப் பூட்டிவிட்டால் துருவும் போய்விடும், 272 பிரச்சினையும் போய்விடும்.

---

மிட்லண்ட்ஸ்_மெக்கானிக்

போகாது, கூடும். புதிய சேஸி இலக்கம் இல்லாமல் வரும். அதைப் பூட்டினால் உங்களிடம் இருப்பது பல்க்ஹெட் தகட்டில் மட்டும் அடையாளம் உள்ள வண்டி. இலங்கையிலும் இலக்கம் அடிக்க அனுமதி கேட்டு நிற்கவேண்டும், இங்கிலாந்தில் முதல் பதிவிலும் சேஸியில் தொழிற்சாலை இலக்கம் இல்லாத வண்டியாகத்தான் நிற்கும். இறக்கிய சேஸிக்கு இலங்கையில் வரி, அதையே பூட்டிய வண்டிக்கு இங்கிலாந்தில் மறுபடி வரி.

ஒழுங்கைத் திருப்பிப்போடுங்கள். இப்போதுள்ள 272 சேஸியிலேயே அனுப்புங்கள், அங்கே பதியுங்கள். புத்தகம் அண்ணாவின் கைக்கு வந்த பிறகு அங்கேயே கல்வனைஸ் சேஸி வாங்கிப் பூட்டட்டும். அப்போது அது அங்கே பதிந்த வண்டிக்கு அதே வகைப் பாகத்தால் செய்யும் திருத்தம். பற்றுச்சீட்டையும், இலக்கம் உள்ள பழைய சேஸித் துண்டின் படத்தையும் வைத்திருக்க வேண்டும்.

பூட்டும்போது ஒன்று: கல்வனைஸ் சேஸி உருகிய நாகத்தில் முக்கி எடுத்தது. மரைத் துவாரங்கள் எல்லாம் அடைபட்டிருக்கும், மரை வெட்டும் டாப் போட்டுத் திறக்கவேண்டும். ஸ்பிரிங் புஷ் போகும் குழாய்களிலும் நாகம் திரண்டிருக்கும். ரீமர் போடாமல் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புஷ் நசுங்கிவிடும். எர்த் வயர் பூட்டும் இடத்தில் நாகத்தைச் சுரண்ட மறந்தால் வெளிச்சம் மங்கும், ஸ்டார்ட்டர் இழுக்காது.

---

இரும்புப்பட்டறை

272 சேஸியிலேயே போகிறது என்றால், அது கப்பல் பயணத்தையும் அங்குள்ள பரிசோதகரையும் தாங்குமா என்று பாருங்கள். விலக்கு இருந்தாலும் முதல் முறை எம்ஓடிக்குக் காட்டுவது நல்லது.

இந்தச் சேஸி உள்ளிருந்துதான் உக்கும். வெளியே கறுப்பு வர்ணம் பளபளக்கும், உள்ளே கடல் மணலும் உப்பும் ஈரமும் தங்கியிருக்கும். பின் க்ராஸ்மெம்பரை ஏற்கனவே மாற்றியிருக்கிறீர்கள், அது ஒட்டிய இடத்துக்கு முன்னாலுள்ள ஒரு அடியைப் பாருங்கள். அடுத்தது பல்க்ஹெட்டைத் தாங்கும் அவுட்ரிகர்கள் (சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்), பெற்றோல் டேங்கின் அவுட்ரிகர், முன் ஹாங்கர்களின் அடிப்பக்கம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்னும், உக்கின இடம் மொத்தென்னும். மொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்துங்கள்.

ஒட்டுப் போடுவதென்றால் 2 மி.மீ. தகடு, உக்கினதை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பு முழுவதும் தொடர் வெல்டிங். இங்கே வழக்கமாகச் செய்வதுபோல அங்கங்கே புள்ளி வைத்து, மேலே பட்டி பூசி, வர்ணம் அடித்தால் அங்கே விழும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீற்பெல்ட் பூட்டும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் துரு இருந்தால் அவர்கள் விடமாட்டார்கள். வலது முன் ஹாங்கரில் மட்டும் இலக்கத்துக்குக் கிட்ட வெல்டிங் வேண்டாம். அந்தப் பக்கம் உக்கியிருந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள், பதிந்த பிறகு திருத்திவிட்டு எம்ஓடிக்குக் காட்டலாம்.

சட்டம் சதுரம் விலகிக் கோணியிருக்கிறதா என்று பார்க்க: சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, நான்கு ஸ்பிரிங் ஹாங்கர் போல்ட்டுகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைவிட்டங்களை அளந்தால் இரண்டும் ஒத்துப்போகவேண்டும். அச்சிடை 2235 மி.மீ. இரண்டு பக்கமும் வரவேண்டும்.

---

உப்புவெளி_88

புரிகிறது. எஞ்சினை மாற்றி, புத்தகத்தைத் திருத்தி, பிறகு அனுப்புவது. அண்ணா அங்கே என்னென்ன ஆயத்தம் செய்யவேண்டும்?

---

மிட்லண்ட்ஸ்_மெக்கானிக்

இன்றே தொடங்கக்கூடியது திகதிச் சான்று. டிவிஎல்ஏ ஏற்றுக்கொள்ளும் பழைய வாகன ஆர்வலர் கழகங்கள் உண்டு, சீரிஸ் 2, 2ஏ வண்டிகளுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. 272 இலக்கத்தின் படம், பென்சில் உரசல், எஞ்சின் இலக்கம், பல்க்ஹெட் தகட்டின் படம் எல்லாவற்றையும் அனுப்பி, தயாரித்த திகதிக்குக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். 242 பொடி, 272 சேஸி என்பதை அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடிதம் 272க்குத்தான் வரவேண்டும். இரண்டு வண்டியின் பாகங்கள் சேர்ந்தது என்று டிவிஎல்ஏ கிளறினாலும் பயமில்லை. எல்லாம் 25 வருடத்துக்கு மேற்பட்ட, அதே மாதிரியின் அசல் பாகங்கள் என்று கழகம் நேரில் பார்த்து எழுதினால், மீளக் கட்டிய பழைய வண்டி என்ற பிரிவில் ஏற்பார்கள். அதில் மிக இளைய பாகத்தின் வயதுதான் வண்டியின் வயது. இசுசு இருந்தால் இந்தக் கதவும் அடைபடும்.

9705இல் ஐயம் இருந்தால் வண்டி ஏறுவதற்கு முன்பே பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியிடம் முற்கூட்டிய வகைப்படுத்தல் தீர்ப்பு கேட்கலாம். எழுத்தில் வந்தால் அவர்களையும் கட்டுப்படுத்தும். ஏஜென்ட் வாயால் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது.

வண்டி இறங்கியதும் 14 நாளுக்குள், அது வந்ததை எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்கும் நோவா அறிவித்தல். பிந்தினால் நாளுக்கு 5 பவுண் தண்டம் வரலாம். நோவா முடியாமல் டிவிஎல்ஏ எதையும் தொடாது. பிறகு வி55/5 படிவம், முதல் பதிவுக் கட்டணம் 55 பவுண், இலங்கைப் புத்தகத்தின் மூலம், கழகக் கடிதம், எம்ஓடி சான்று அல்லது விலக்குக்கான வி112 படிவம். 10 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் வாகன அனுமதிப் பரிசோதனையான ஐவிஏ தேவையில்லை, க்யூ பக்கம் தள்ளினால் மட்டும் அது திரும்பி வரும். புத்தகத்தில் கையால் எழுதிய சிங்களப் பதிவுகள் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் கூடவே. கிடைக்கும் இலக்கம் வயதுக்கேற்றது, வேறு வண்டிக்கு மாற்ற முடியாது.

---

நாரஹேன்பிட்ட_வரிசை

இங்கிருந்து கிளம்பும்போது: கொழும்புத் துறைமுகம்வரை ஹபரணை, குருநாகல் வழியாக லொறியில் ஏற்றி அனுப்புங்கள், ஓட்டிப்போகவேண்டாம். எஞ்சின் இப்போதுதான் பூட்டியது. டேங்கில் அடியில் கிடக்கும் அளவு மட்டும் பெற்றோல், பட்டரி கழற்றி முனைகளை மூடி, பின்பெட்டியில் உதிரிப்பாகம் எதுவும் போடாமல். பட்டியலில் இல்லாத ஒரு கார்புரேட்டர் அகப்பட்டாலே கொன்டெய்னரைத் திறந்து வைத்துவிடுவார்கள்.

ஏற்றுமதிப் பத்திரம், கப்பல் பில், பெறுமதிப் பட்டியல் மூன்றிலும் 272 இலக்கத்தைக் கடைசி எழுத்தோடு நீங்களே வாசித்துச் சரிபாருங்கள். வார்ஃப் கிளார்க் பழைய புத்தகப் பிரதியைப் பார்த்து 242 என்று அடித்துவிட்டால், அங்கே நோவாவில் 242 ஏறும். அதைத் திருத்துவது சேஸி மாற்றுவதை விடக் கஷ்டம். இங்குள்ள பதிவை இரத்துச் செய்வதற்கு முன் திருத்திய புத்தகத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியும், இரத்துச் செய்ததும் ஏற்றுமதிக்காக இரத்து என்று காட்டும் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகத்தின் மூலத்தை இங்கே வைத்துக்கொள்வார்களென்றால் அண்ணா டிவிஎல்ஏக்கு அனுப்பப்போவது இந்த இரண்டையும்தான்.